கல்லிலிருந்து தகடு வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேரன் போன் செய்தான். "தாத்தா, மூணு மில்லி எஸ்.எஸ். ஷீட்டை நீங்க வளைச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டான். தூத்துக்குடி துறைமுகப் பட்டறையில் 31 வருஷம் பிட்டராக இருந்தவனிடம் இதைக் கேட்டால் மறுக்க மனம் வருமா?

"எதுக்குலே?" என்றேன்.

"முதுகுல கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்குறதுக்கு."

விஷயம் இதுதான். பேரன் மூன்று வருஷமாக அந்தமானுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்கிறான். போன தடவை வாடகைக்கு எடுத்த காற்று ஜாக்கெட் அவனுக்குத் தொளதொளவென்று இருந்திருக்கிறது. டைவ் முடிந்து மேலே வரும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். அங்கே இவனால் நிற்க முடியவில்லை. ஜாக்கெட் தாடை வரை ஏறிக்கொள்ள, தக்கை மாதிரி விறுவிறுவென்று மேலே வந்துவிட்டான். நல்லவேளை, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மகள் காதுக்கு விஷயம் எட்டியதும், "இனிமே கடல் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். இவனோ, "சொந்தமா ஒரு செட் வாங்கிட்டா இந்தப் பிரச்சினையே வராது" என்கிறான். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

அவன் வாங்க நினைப்பதற்குப் பெயர் பேக்பிளேட், விங். பேக்பிளேட் என்பது முதுகில் படிகிற ஓர் உலோகத் தகடு. அதற்கும் காற்று டேங்குக்கும் நடுவே மாட்டும் காற்றுப்பைதான் விங். தகட்டின் துளைகள் வழியாகத் தோளுக்கும் இடுப்புக்கும் ஒரே பட்டை ஓடும். பொருள் அவ்வளவுதான். அது ஏன் இப்படி வந்தது என்று தெரியாமல் வேலையில் கை வைக்க எனக்கு இஷ்டமில்லை. இரண்டு வாரம் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊர் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். எனக்கு அப்போது ஒன்பது வயது. குளியாட்கள் ஒரு கல்லைத் துணையாகக் கொண்டு இறங்குவார்கள். கல்லின் கனம் அவர்களைக் கீழே கொண்டுபோகும். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலே படகில் இருப்பவர் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கைவிட மாட்டான் என்ற கணக்கு. இறங்கக் கல், ஏற நம்பிக்கையான ஒரு கை. இந்த இரண்டும்தான் கடலுக்குள் போகிறவனுக்கு வேண்டும்.

1943இல் பிரான்ஸ் நாட்டுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் சேர்ந்து அக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். மனிதன் தன் காற்றைத் தானே முதுகில் சுமந்துகொண்டு இறங்கலாம் என்றானது. கயிறு போய்விட்டது, மேலே இருந்த கையும் போய்விட்டது. அந்தக் காலத்துக்காரர்களிடம் டேங்கைக் கட்டும் பட்டையும் இடுப்பில் ஈயக்கட்டிகளும் இருந்தன, மிதப்பதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. ரப்பர் உடுப்பு மேலே நன்றாக மிதக்கும். ஆழத்தில் தண்ணீர் அதை அழுத்தி மெலிதாக்கிவிடும். மேலே சரியாக இருந்த எடை கீழே போனதும் அதிகமாகிவிடும். காலை உதைத்து நீந்தித்தான் சமாளிக்க வேண்டும்.

நம் ஊரில் முத்துக்குளிப்பு நின்ற அதே 1961இல் பிரான்ஸில் மொரீஸ் பென்ஸி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கழுத்தில் மாலைபோல் மாட்டும் காற்றுப்பை அது. வேண்டும்போது ஊதிக்கொள்ளலாம், வேண்டாதபோது காற்றை விட்டுவிடலாம். கயிறு பிடிக்கிற மச்சான் வேலையை ஒரு பை செய்ய ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த கடலில் அது போதும். அமெரிக்காவின் வட புளோரிடாவில் அது போதவில்லை. அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீரூற்றுகளும், மைல் கணக்கில் தண்ணீர் நிறைந்த குகைகளும் இருக்கின்றன. தலைக்கு மேலே பாறைக் கூரை. ஆபத்து என்றால் நேரே மேலே வர முடியாது, போன வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதனால் இரட்டை டேங்க் சுமந்தார்கள். கனம் முதுகில், மிதப்பு கழுத்திலும் நெஞ்சிலும். என்ன ஆகும்? தலை தூக்கும், கால் தொங்கும். தொங்குகிற கால் உதைத்தால் குகைத் தரையில் படிந்த வண்டல் கிளம்பும். கண்ணாடி போன்ற தண்ணீர் ஒரு நிமிஷத்தில் கஞ்சியாகிவிடும், வாசல் தெரியாது. துணிக்கு வெளுப்பு மருந்து வரும் பிளாஸ்டிக் குடுவையைக்கூட மிதவையாகக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குகைகளில் இறந்தவர்கள் பலர்.

ஷெக் எக்ஸ்லி என்ற பள்ளிக்கூட ஆசிரியர், குகை டைவிங்கில் பெரிய பெயர், அந்த விபத்துகளை ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். வாசல் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு, காற்றில் மூன்றில் ஒரு பங்கில் போய் ஒரு பங்கில் திரும்பி ஒரு பங்கை ஆபத்துக்கு வைப்பது, ஆழத்துக்கு வரம்பு. இவற்றை மீறியவர்கள்தான் பெரும்பாலும் செத்தார்கள் என்று காட்டினார். ஆக, அங்கேயும் கடைசியில் ஒரு கயிறு திரும்பி வந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில், கிரெக் பிளானகன் என்பவர் வட புளோரிடா குகைக்காரர்களுக்காக உலோகத் தகடு ஒன்றைச் செய்தார். கனம் எங்கே இருக்கிறதோ அங்கேயே மிதப்பையும் வைத்தால் ஆள் படுக்கைவாட்டில் நேராக நிற்பான், கால் தொங்காது. பிறகு வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவர் அதிலிருந்து வேண்டாததையெல்லாம் கழற்றிப்போட்டார். பக்கிள் உடையும், தனித்தனிப் பட்டை அவிழும். ஆகவே தகட்டுக்குள் நுழைத்து வாங்கிய ஒரே பட்டை, இடுப்பில் ஒரே ஒரு பக்கிள். இந்த முறைக்கு இன்றும் அவர் பெயரில் 'ஹோகார்த்தியன்' என்றுதான் பெயர்.

இனி பேரன் கதைக்கு வருகிறேன். அவன் எழுதி அனுப்பிய பட்டியலில் ஸ்டீல் தகடு, 60 பவுண்டு தூக்கும் விங், பை, கொக்கி, வளையம் என்று ஒரு பக்கம் இருந்தது. நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

அவனுக்குக் கிடைப்பது அலுமினிய டேங்க். நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல். டைவ் முடிவதற்குள் அதில் இரண்டு கிலோ போய்விடும். ஆரம்பத்தில் மூழ்கிய டேங்க் முடிவில் மிதக்கும். போன தடவை அவனைத் தூக்கிப்போட்டது இதுதான். ஜாக்கெட்டின் மேல் மட்டும் பழி இல்லை, எடைக்கணக்கும் தப்பு. மூன்று மில்லி ஸ்டீல் தகடு இரண்டரை மூன்று கிலோ வரும். அந்த அளவு ஈயம் இடுப்பிலிருந்து குறையும், கனமும் டேங்குக்கு அடியிலேயே உட்காரும். அலுமினியத் தகடு ஒரு கிலோதான். விமானத்துக்கு நல்லது, ஆனால் ஈயம் கூட்ட வேண்டும். ஸ்டீல் டேங்க் கொடுக்கிற ஊருக்குப் போனால் மட்டும் ஸ்டீல் தகடு ஆபத்து. மெல்லிய உடுப்போடு இரண்டும் சேர்ந்தால், விங் கிழிந்த அன்று நீந்தி மேலே வர முடியாது.

விங்குக்கு வேலை இரண்டு. ஆழத்தில் உடுப்பு இழக்கும் மிதப்பையும் டேங்குக் காற்றின் எடையையும் ஈடு செய்ய வேண்டும். ஆள் கழற்றிவிட்டாலும் மொத்த செட்டைத் தண்ணீர் மேல் நிறுத்த வேண்டும். அவனுடைய மெல்லிய உடுப்புக்கு இரண்டையும் தனித்தனியே கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோதான். 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோ தூக்கும் விங் தாராளம். 60 பவுண்டு இரட்டை டேங்க்காரர்களுக்கு. ஒற்றை டேங்கில் மாட்டினால் டேங்கைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும், காற்று ஒரு பக்கம் ஒதுங்கி வெளியேற மறுக்கும்.

"பாதி பட்டியலை அடிச்சிட்டீங்களே தாத்தா" என்றான்.

"குகையில செத்தவங்க அடிச்சது அது, நான் இல்ல" என்றேன்.

தகட்டை நானே செய்தேன். பழைய சிநேகிதரின் பட்டறையில் 316 ரகத் தகடு, கடல் தண்ணீருக்கு அதுதான் தாங்கும். நடு மடிப்பை பிரஸ்ஸில் வளைத்தோம். டேங்க் போல்ட் துளைகளுக்கு மையத்துக்கு மையம் 11 அங்குலம், உலகம் முழுக்க அதே அளவு. பட்டை நுழையும் ஒவ்வொரு துளையின் விளிம்பையும் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து அரம் போட்டேன். அங்கே ஒரு பிசிறு இருந்தால் பட்டையை அறுத்துவிடும். அதற்கு மட்டும் இரண்டு நாள். விங்கை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். காற்றைப் பிடித்துவைக்கிற வேலையை வீட்டில் பரீட்சை பார்க்கக் கூடாது.

தீபாவளிக்கு வந்தவன் கூடத்தில் நின்று மாட்டிப் பார்த்தான். தோள்பட்டைக்கு அடியில் என் கை நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பட்டையைச் சரி செய்தேன். மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல நீச்சல் குளத்துல, பயிற்சி குடுத்தவர் பக்கத்துல இருக்கணும். டேங்க்ல காத்து குறைஞ்ச பிறகும் அஞ்சு மீட்டர்ல அசையாம நிக்குறானான்னு அவர் பாத்துச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் அந்தமான்" என்றாள். அது அனுமதிதான் என்று அவனுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஜனவரியில் போகிறான். அந்த மூன்று நிமிஷம் நின்றானா என்று வந்ததும் எழுதுகிறேன்.