இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்றினை 1862 இல் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் பழைமையான அச்சுவடி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. கழுத்து முள்ளெலும்பு விலகிக் கைகால்களில் உணர்விழந்து, தன்னையறியாமல் சிறுநீர் சொட்டும் ஒருவனின் நிலை அதில் விவரிக்கப்பட்டுள்ளது. இது மருத்துவம் செய்வதற்குரிய நோயன்று என அதனை எழுதியவர் கைவிரித்துவிடுகின்றார். முதலாம் உலகப் போர் வரை வைத்திய உலகம் அந்தத் தீர்ப்பிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிடவில்லை.

முண்ணாண் (தமிழகத்தார் தண்டுவடம் என்பர்) அறுபட்டு, முதற் சில நாட்களைத் தாண்டியவர்களைப் பின்னர் கொன்றவை பெரும்பாலும் இரண்டே: படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் நசியும் தோலுக்கு இரத்தம் செல்லாது. தோல் அழுகும், புண் எலும்பைத் தொடும், நஞ்சு இரத்தத்தில் கலக்கும்.

1917 இல் ஜேர்மனியின் சிலேசியச் சுரங்கப் பகுதி வைத்தியசாலையொன்றில் தொண்டராக இருந்த லூட்விக் குட்மன் என்ற இளைஞர் இதனை நேரிற் கண்டார். முதுகெலும்பு முறிந்த பலசாலியான சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஐந்து வாரங்களில் இறந்துபோனார். பின்னாளில் நரம்பியல் வைத்தியரான குட்மன் யூதர். 1938 நவம்பரில் நாஜிகளின் வெறியாட்டம் நடந்த இரவில், பிரெஸ்லௌ யூத வைத்தியசாலையின் பொறுப்பாளராக இருந்த அவர், தஞ்சம் தேடி வந்தோரையெல்லாம் நோயாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் விசாரிக்க வந்தவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லிச் சமாளித்தார். 64 பேரில் 60 பேர் தப்பினர். 1939 மார்ச்சில் அவர் குடும்பத்துடன் இங்கிலாந்து சேர்ந்தார்.

1944 பெப்ரவரி 1 ஆம் திகதி ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் 26 கட்டில்களுடன் முண்ணாண் பிரிவொன்று அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. சாந்துக் கட்டுகளுக்குள் அழுகிய நிலையில் வந்த போர்வீரர்களின் கட்டுகளை அவர் வெட்டியெறிந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவரது கட்டளை. நள்ளிரவிலும் சரிபார்க்க வந்துவிடுவார். சிறுநீர்க் குழாயை நிரந்தரமாகச் செருகிவைக்காது, குறித்த வேளைகளில் மட்டும், கைபடாமல் தூய்மையாகச் செலுத்தும் முறையினைக் கையாண்டார். பென்சிலினும் அவ்வேளை கைக்கெட்டியது உண்மையே. எனினும் புரட்டிவிட ஆளில்லாத இடத்தில் பென்சிலின் என்ன செய்துவிடும்?

1948 ஜூலை 29 இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கு வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். 1960 இல் ரோமில் அது 23 நாடுகளின் விளையாட்டுவிழாவாயிற்று. பராலிம்பிக்கின் தந்தை என்றே இன்று குட்மனை உலகம் கொண்டாடுகின்றது. ஆயினும் வில்லை ஏந்துவதற்கு முன்னர் அவர்களின் தோல் புண்ணின்றி இருக்கவேண்டியிருந்தது.

எமது நாட்டிலும் தென்னையிலும் பனையிலும் இருந்து விழுந்தவர்கள், 2009 இல் முடிந்த போரில் ஷெல் துண்டு முதுகிற் பாய்ந்தவர்கள் எனப் பலர் இந்நிலையில் வாழ்கின்றனர். ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையில் பயிற்சி பெற்றாலும், வீடு திரும்பியபின் தாதியர் இல்லை. தாயோ மனைவியோதான் இரவில் எழுந்து புரட்டவேண்டும். தகரக் கொட்டிலின் வெக்கையில் வியர்வையில் ஊறும் தோல் எளிதில் கிழியும். வெயிலில் நின்ற சக்கர நாற்காலியின் இரும்பு தொடையைச் சுட்டாலும் தெரியாது. கைவலிமை உள்ளவர் கால்மணி, அரைமணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்கலாம். காலையும் மாலையும் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துப் பிட்டத்தையும் குதிக்காலையும் பார்க்கவேண்டும். அழுத்திய பின்னும் மாறாத சிவப்பு அல்லது கருமை தென்பட்டால், அது மாறும்வரை அந்தப் பக்கத்தில் பாரம் வைத்தலாகாது.