காய்ந்த பீடியும் எங்கள் தண்ணீரும்

பீடித் தொழிலைப் பற்றி எழுதியவர்கள் கூலியைப் பற்றி எழுதினார்கள். காசநோயைப் பற்றி எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். நான் எழுத வருவது தண்ணீரைப் பற்றி. புகையிலைத் தொழில் மொத்தமும் ஈரத்துக்கும் உலர்வுக்கும் இடையில்தான் நடக்கிறது. இலையை நனைப்பவர் யார், காய வைப்பவர் யார், அந்த ஈரத்தின் எடைக்குக் காசு கட்டுபவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், கொருக்குப்பேட்டைக் குடிசையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. வழி நெடுகச் சாதி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் துரைமார் கதை. குழாயில் வைத்துப் புகைக்கும் மேல்நாட்டுப் புகையிலை தகர டப்பாவில் ஈரத்தோடு வரும். அப்படியே பற்றவைத்தால் சரியாகப் பிடிக்காது. ஆவி கிளம்பி நாக்கைச் சுடும். அதனால் ஒரு தாளில் பரப்பிக் கொஞ்ச நேரம் ஆறப்போட்டு, விரலுக்கிடையில் கிள்ளிப் பதம் பார்த்துப் பிறகு குழாயில் அடைப்பார்கள். ரொம்பவும் காய்ந்துவிட்டால் தூளாகிவிடும். இந்தப் பக்குவம் அவர்களுக்கு ஒரு ரசனை. சிகரெட்டுக் கம்பெனிக்கு அதுவே எந்திர வேலை. ஆந்திரப் பகுதியில் விளைந்த இலையை மறுபடி உலர்த்தி, ஈரத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஆலைகள் சீராலா போன்ற ஊர்களில் பிரிட்டிஷார் காலத்திலேயே வந்துவிட்டன. சிகரெட்டின் ஈரம் போய்விடாதபடி உள்ளே தாள், வெளியே அட்டைப்பெட்டி என்று கட்டினார்கள். அந்தப் பெட்டிகளை அச்சடிக்கும் ஐ.டி.சி. ஆலை எங்களுக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூரில் இருந்தது. ஆக, துரைக்கு ஈரம் ருசி. கம்பெனிக்கு ஈரம் கணக்கு. எங்கள் வீடுகளில் ஈரம் என்னவாக இருந்தது?

ரயில் தண்டவாளங்களுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கிற பேட்டை எங்களுடையது. செங்கல்பட்டு, வடஆற்காடு கிராமங்களின் சேரிகளிலிருந்து வந்தவர்கள் துறைமுகத்தில் கரி சுமந்தார்கள், கூட்ஸ் வண்டியில் மூட்டை இறக்கினார்கள், பெரம்பூர் பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தார்கள். பெண்களில் பலர் பீடி சுத்தினார்கள். முஸ்லிம் வீடுகளிலும் தலித் வீடுகளிலும் மடியில் முறம் இல்லாத திண்ணை குறைவு. 1996இல் மில் மூடப்பட்ட பிறகு, பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த முறத்தால்தான். என் ஆயாவும் அம்மாவும் சுத்தினவர்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில் இலை நறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

வேலை இப்படி. பீடி இலை என்பது தெண்டு மர இலை. மத்தியப் பிரதேசம், ஒரிசா காடுகளில் கோடை மாதங்களில் ஆதிவாசிகள் பறித்து, வெயிலில் உலர்த்துவார்கள். காய்ந்த இலை நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கோணியில் அடைப்பார்கள். தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிபாணியிலிருந்தும் வரும். கடையில் மேஸ்திரி ஆயிரம் பீடிக்கு முக்கால் கிலோவுக்கு முன்னே பின்னே இலையும், கால் கிலோவைச் சுற்றித் தூளும் நிறுத்துக் கொடுப்பார். ராத்திரி இலையை நனைத்து ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நனையாத இலை கத்தரியில் உடையும். அதிகம் நனைந்தால் கறுத்துப்போகும். விடிந்ததும் தகட்டை வைத்து நறுக்கி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கடைக்குப் போன பிறகு கரியடுப்பின் மேல் தட்டில் அடுக்கி வாட்டி, ஈரத்தை எடுத்து, லேபிள் ஒட்டுவார்கள்.

இதில் இருக்கிற சூதைக் கவனியுங்கள். கொடுக்கும்போது எடை. வாங்கும்போது எண்ணிக்கை. மூட்டையில் தெளித்த தண்ணீரும் எங்களுக்கு இலையாகத்தான் நிறுக்கப்பட்டது. தூளும் நமுத்துப்போய் கனமாகத்தான் வரும். வீட்டுக்கு வந்து ஆறினதும் கனம் போய்விடும். ஆயிரத்துக்கு நூறு குறையும். அந்த நூறுக்கு இலையை வெளியில் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கணக்கில் குறைந்தால் கூலியில் பிடிப்பு. என் அம்மா ஒருநாள் மேஸ்திரியிடம், "அண்ணே, காஞ்ச எலையா பாத்து நிறுத்துக் குடுங்க, தண்ணி எங்கூட்டு கொழாயிலயே வருது" என்று கேட்டாள். அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு ஓட்டை இலையாகவே வந்தது.

ஐப்பசி கார்த்திகையில் நிலைமை இன்னும் மோசம். கால்வாய் பொங்கித் தெருவில் தண்ணீர் நிற்கும். கூரை ஒழுகும். சுத்தின பீடி நமுத்து, இலையில் பூஞ்சை பிடிக்கும். கடையில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பதமில்ல" என்று கழித்துவிடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் அதை எங்கள் கண்ணெதிரே ஒடித்தும் போட மாட்டார்கள். தனிக் கூடைக்குப் போகும். அந்தக் கூடை எங்கே போகும் என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் மழைக்காலத்தில் அடுப்படியில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பீடி காயும். புகையிலைக் காட்டம் சோற்றில் ஏறும். பிள்ளைகள் இருமும். ஈரத்தை எடுக்கிற அந்த வேலைக்குக் கூலி என்று தனியாக ஒன்றும் இல்லை.

இனி சாதிக்கு வருகிறேன். எங்கள் பெண்களுக்கு இட்லிக்கடை போடத் தெரியாதா? மோர் விற்கத் தெரியாதா? தெரியும். வாங்குவது யார்? தீட்டு பற்றிய பார்ப்பனிய விதி தண்ணீரைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உலர்ந்த பொருளுக்குத் தீட்டு குறைவு, ஈரம் பட்டதற்குத் தீட்டு அதிகம். ஆயா இதைச் சாஸ்திரம் படிக்காமலே சொல்வாள்: "ஊருல நம்ம அறுத்த நெல்ல வாங்கிக்குவான், நம்ம ஆக்குன சோத்தத் தொடமாட்டான். பீடிய மட்டும் வாயில வச்சிக்குவான்." அவள் குடத்துத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறின இலை அது. அவள் விரல் நூறுமுறை பட்டது. அவளுக்குக் குவளையில் தண்ணீர் கொடுக்காதவன் உதட்டுக்கு அதுதான் போகிறது. எப்படி? நடுவில் காய்ந்துவிட்டது. கரியடுப்பு தண்ணீரை எடுக்கும்போது எங்களையும் சேர்த்து எடுத்துவிட்டது. லேபிள் ஒட்டினதும் அது முதலாளி பெயரில் இருக்கிற சரக்கு. துரை வீட்டில் பறையர் பட்லராக இருந்து சமைத்தார் என்பதாவது ஊரறிய இருந்தது. பீடியில் இருக்கிற கை யாருக்கும் தெரியாது. தெரியாதபடி வைத்திருப்பதில்தான் வியாபாரம் நடக்கிறது.

சுதேசி இயக்கம் 1920களில் அந்நியச் சிகரெட்டைப் புறக்கணிக்கச் சொன்னபோது பீடிக்குச் சந்தை விரிந்தது. கதர் நூற்ற கைக்கு ஒரு மரியாதை வந்தது. பீடி சுத்தின கைக்கு வந்ததா? 1931இல் வந்த விட்லி குழுவின் அறிக்கை, பிள்ளைகளை முன்பணத்துக்கு அடகு வைக்கும் வழக்கத்தை அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளிலும் சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளிலும் கண்டு சொன்னது. அதன் பிறகுதான் 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

1927இல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த அம்பேத்கர், 1942 முதல் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில், 1944இல், ரேகே தலைமையில் அமைந்த தொழிலாளர் விசாரணைக் குழு ஆராய்ந்த தொழில்களில் பீடியும் சுருட்டும் இருந்தன. சென்னை மாகாண அரசும் பி.வி. நாராயணசாமி நாயுடுவைக் கொண்டு பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, தோல் பதனிடுதல் எல்லாவற்றையும் சேர்த்து விசாரித்தது. பீடியும் தோலும் ஒரே அறிக்கையில் வந்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டுமே நனைத்துக் காய வைக்கிற வேலை. இரண்டுமே நாறுகிற வேலை. இரண்டிலும் எங்கள் சனமும் முஸ்லிம் சனமும் இருந்தார்கள்.

1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் பீடி இடம்பெற்றது. 1958இல் சென்னை மாநிலம் பீடிப் பட்டறைகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. பட்டறைக்குச் சட்டம் வந்தால் பட்டறையையே கலைத்து, வேலையை வீடுகளுக்கு அனுப்பிவிடுவது முதலாளிகளின் வழி. 1966இல் வந்த மத்தியச் சட்டம், சரக்கு வாங்கி வீட்டில் சுத்துகிறவரும் தொழிலாளிதான் என்றது. அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். பீடி இலையை நனைப்பதையும் வெட்டுவதையும் பட்டறைக்கு வெளியே செய்ய அரசு அனுமதிக்கலாம் என்கிறது அது. நனைப்பது ஒரு வேலை என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதை வெளியே செய்யலாம் என்பதும் தெரிந்திருக்கிறது. கூலியோ சுத்தின ஆயிரத்துக்குத்தான். ராத்திரி நனைப்புக்கு நேரம் எண்ணினது யார்?

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. மங்களூர் கணேஷ் பீடி நிறுவனமும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் 1966 சட்டம் செல்லும் என்றது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சாதாரணமாகக் கழிக்கக் கூடாது என்ற விதிகளும் அந்த வழக்கில் நின்றன. வீட்டில் சுத்துகிறவர்களுக்கும் சேமநல நிதி உண்டு என்று 1985இல் தீர்ப்பு வந்தது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுத்துவதைத் தடை செய்தது, ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்தால் தடை இல்லை என்றது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் குடும்பத்தோடுதான் இருந்தார்கள். பீடித் தொழிலாளர் நல நிதிக்காக 1976இல் வந்த தீர்வை 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு 1966 சட்டத்தை விழுங்கியது. இலையை வெளியே நனைக்கும் அனுமதி மட்டும் பத்திரமாக அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. நிவாரணக் கணக்கில் வீடு வரும், கட்டில் வரும், ரேஷன் கார்டு வரும். முறத்தில் கிடந்த இலையும் தூளும் எந்தப் பட்டியலில் வரும்? பீடிப் பழக்கம் ஒழிய வேண்டும் என்கிறார்கள். ஒழியட்டும், எங்களுக்கும் அதுதான் நல்லது. மாற்று வேலை கொடுத்துவிட்டு ஒழிக்கட்டும். ஆனால் பீடி ஒழிந்த பிறகு எழுதப்போகும் வரலாற்றில் முதலாளிகளின் லேபிள்கள் இருக்கும், தீர்வைக் கணக்கு இருக்கும், தீர்ப்புகள் இருக்கும். தண்ணீர் மட்டும் இருக்காது. அதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். தெண்டு இலையின் மேல் தெளித்த தண்ணீருக்கு எங்கள் பெண்கள் காசு கட்டினார்கள். அதை நனைத்த தண்ணீரை வரிசையில் நின்று பிடித்து வந்தார்கள். அது காய்ந்ததற்குப் பிறகுதான் ஊர் அதை வாங்கி வாயில் வைத்தது.