குடி: சொல் விளக்கம்

குடி என்பது வீடு, குடும்பம், குலம், ஆளப்படும் மக்கள் எனப் பல பொருள் தரும் பழந்தமிழ்ச் சொல்லாகும். இது மலையாளத்தில் வீட்டையும், முதலெழுத்து மெலிந்தொலிக்கும் தெலுங்கு, கன்னட வடிவங்களில் கோயிலையும் குறிப்பதால், உறைவிடமே மூலப்பொருள் என்றும், உறைவோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பின்னர் அப்பெயர் பெற்றனர் என்றும் கொள்ளலாம். முன்னோர் இயல்பு பின்னோரிடம் தொடரும் என்ற எண்ணமும் இச்சொல்லோடு பிணைந்ததே: திருக்குறளின் 96ஆம் அதிகாரமான குடிமை, ஒழுக்கம், வாய்மை, நாணம், ஈகை ஆகியவற்றை நற்குடிப் பிறந்தாரின் பண்புகளாகக் கூற, 103ஆம் அதிகாரமான குடிசெயல்வகை, பிறந்த குடியை முயற்சியால் உயர்த்துவதைப் பேசுகிறது.

கிழக்கிலங்கையில், குறிப்பாக மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், குடி என்பது தாய்வழியாக மட்டும் தொடரும் உறவுக்குழுவைச் சுட்டும். ஒரு வயிற்றிலிருந்து கிளைத்த வரிசை என்ற பொருளில் இது வயிற்றுவார் எனவும் வழங்கும். மகனும் மகளும் தாயின் குடியினரே எனினும், அடுத்த தலைமுறைக்கு அதைக் கொடுப்பவள் மகளே. ஒரே குடிக்குள் மணம் விலக்கப்படும். முஸ்லிம்களிடையே, பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர் எனப்படும் பிரதிநிதிகள் அமர்வதும் மரபு. குடிகளுள் ஓடாவி குடி மரத்தச்சுத் தொழிலை நினைவூட்ட, பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி போன்றவை ஆச்சி, நாச்சி என்னும் பெண்பாற் சொற்களால் மூதாட்டியரை நினைவூட்டுகின்றன.

திருகோணமலையின் குறிஞ்சாக்கேணி, கிண்ணியா தொடங்கித் தெற்கே நீளும் கிழக்குக்கரை முஸ்லிம் ஊர்களில், மணமானவன் மனைவி வீட்டில் குடியேறும் வழக்கம் பரவலாக இருந்துவருவதால், உம்மம்மா எனப்படும் தாய்வழிப் பாட்டியின் துணிவும் பேச்சுத்திறனும் கைப்பக்குவமும் பேரப்பிள்ளைகளுக்குக் கேள்வியால் மட்டுமன்றி, உடனுறைந்து பழகுவதாலும் வந்துசேர்கின்றன. உறைவிடம், மரபு என்னும் இச்சொல்லின் இரு பொருளும் அங்கே ஒரே வீட்டில் பொருந்துகின்றன.