ஜொகூர் பாரு பொதுப் போக்குவரத்தும் கட்டணமும்

தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில், சிங்கப்பூருக்கு நேர் எதிரே இருக்கும் ஜொகூர் பாரு, ஜொகூர் மாநிலத்தின் தலைநகர். கோலாலம்பூரில் 1996 முதல் எல்ஆர்டி ஓடுகிறது. ஜொகூர் பாருவுக்குள் அப்படியொரு நகர ரயில் இன்னும் வரவில்லை. பேருந்து, மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றை நம்பியே நகரம் இயங்குகிறது.

இந்நிலை ஏழைக் குடும்பங்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் பக்கம் குடிபெயர்ந்த தமிழர்களும் அவர்களில் அடங்குவர். வீடு ஒரு மூலையில், தொழிற்சாலை மறு மூலையில். பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்ற உறுதி இல்லாதபோது, கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். 2016-இல் மாநில அரசு தொடங்கிய முவாஃபகாட் ஜொகூர் பேருந்துகளில், அட்டை வைத்திருக்கும் குடிமக்கள் இலவசமாகவே பயணிக்கலாம். மத்திய அரசு ஆதரவுடன் ஓடும் பேருந்துச் சேவையில் 50 ரிங்கிட்டுக்கு மாதாந்தர அட்டை கிடைக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இது நூற்றுக்கு மூன்று பங்குதான். கட்டணம் இவ்வளவு மலிவாக இருந்தும் சாலைகளில் நெரிசல் குறையவில்லை. ஒரு மணி நேரம் காத்து நின்று வேலைக்குத் தாமதமாகப் போகிறவருக்கு இலவசப் பேருந்தும் விலை கூடியதே. கட்டணக் குறைப்பைக் கேட்கும் குரல்கள், பேருந்துகளின் எண்ணிக்கையையும் நேர ஒழுங்கையும் அதே உறுதியுடன் கேட்க வேண்டும்.

மலேசியாவில் இத்தகைய குரலுக்கு நல்ல முன்னோடி பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019-இல் மறையும்வரை அதற்குத் தலைமை தாங்கிய எஸ். எம். முகமது இத்ரிஸ், காருக்காகவே நகரங்களைக் கட்டுவதைப் பல ஆண்டுகள் எதிர்த்து, நல்ல பேருந்துச் சேவைக்காக வாதாடினார்.

எல்லை கடப்பது தனிக் கதை. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம்தான். நாள்தோறும் அதைக் கடப்போர் மூன்று லட்சத்துக்கும் மேல். பேருந்தில் செல்பவர் ஜொகூர் பாரு குடிநுழைவுச் சாவடியில் இறங்கி, கடப்பிதழைக் காட்டிவிட்டு, அதே நிறுவனத்தின் வேறு பேருந்தில் ஏறி, சிங்கப்பூர்ப் பக்கமுள்ள உட்லண்ட்ஸில் மறுபடியும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே கிளம்புவது இதனால்தான்.

2015 ஜூலையில் தொடங்கிய ஷட்டில் தெப்ராவ் ரயில் இதே தூரத்தை ஐந்து நிமிடத்தில் கடக்கிறது. ஜொகூர் பாருவில் ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றானாலும் திரும்பி வருவதற்கு 15 ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிடும். கூட்ட நேரத்துக்கான டிக்கெட்டுகளோ விற்பனை திறந்ததும் தீர்ந்துவிடுகின்றன.

நகருக்குள் மூன்று வழித்தடங்களில் விரைவுப் பேருந்து விடும் இஸ்கந்தர் மலேசியா திட்டம் 2021-இல் சோதனை ஓட்டம் வரை வந்தது. பிறகு எல்ஆர்டி பேசப்பட்டது, அதன்பின் மேம்பாலத்தில் ஓடும் ஏஆர்டி என்ற தண்டவாளமற்ற ஊர்தி. திட்டத்தின் பெயர் மாறுவதற்குள் பள்ளியில் படித்த பிள்ளைகள் வேலைக்கே போய்விட்டார்கள்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2020 ஜூலையில் மீண்டும் ஒப்பந்தமானது. 2026 இறுதியில் தொடங்கத் திட்டமிடப்பட்ட இத்தடத்தின் நீளம் சுமார் நான்கு கிலோமீட்டர். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் செல்லலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். இது பெரிய வசதி. ஆனால் மணிக்குப் பத்தாயிரம் பேரைக் கொண்டுவந்து சேர்க்க, ஸ்கூடாயிலிருந்தும் பாசீர் கூடாங்கிலிருந்தும் புக்கிட் சாகாருக்கு அடிக்கடி பேருந்து வேண்டும். இல்லாவிட்டால் நெரிசல் பாலத்திலிருந்து நிலையத்தின் வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு அரசுகளிடம் இல்லை; ரயிலை இயக்கும் கூட்டு நிறுவனமே வணிக அடிப்படையில் முடிவு செய்யும். ஆர்டிஎஸ் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும் என்பதால், 5 ரிங்கிட் டிக்கெட்டும் அதோடு போய்விடும்.