யாருடைய பழைய கார்?

பழைய காரை விரும்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் பழைய காரையே வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் படுத்தே கழிப்பவர்கள். இரண்டாவது வகையினருக்கு வண்டி பார்க்கப் பழசா இருக்கணும், ஆனா காலையில் முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆகணும், ஏசி ஜில்லுன்னு வரணும். 1990களின் இறுதியில் கார் கம்பெனிகள் இந்த இரண்டாவது வகையினரைக் கண்டுகொண்டன. ஃபோக்ஸ்வாகனின் நியூ பீட்டில் வந்தது. 2000இல் கிரைஸ்லரின் பிடி குரூசர், 2001இல் பிஎம்டபிள்யூவின் மினி. ஐரோப்பாவில் இவை எல்லாவற்றுக்கும் டீசல் என்ஜினும் கிடைத்தது. மினியின் முதல் டீசல் என்ஜின் டொயோட்டாவிடமிருந்து வந்தது, பிடி குரூசரின் டீசல் மெர்சிடிஸிடமிருந்து. முகம் ஒரு வீட்டுடையது, நெஞ்சு இன்னொரு வீட்டுடையது.

இந்த வரிசையில் ஃபியட் 500 டீசலை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காரை நம்மில் பலர் நேரில் பார்த்ததே இருக்காது. ஆனால் அதன் என்ஜின் ஓடிய வண்டியில் நம்மில் கிட்டத்தட்ட எல்லாருமே ஒருமுறையாவது உட்கார்ந்திருப்போம்.

1957 ஜூலை 4 அன்று இத்தாலியின் டூரின் நகரில் ஃபியட் கம்பெனி 'நுவோவா 500' என்ற சின்னஞ்சிறு காரை வெளியிட்டது. இத்தாலிய மொழியில் 500 என்பது சின்க்வெசென்தோ. ஊரார் அப்படித்தான் அதைக் கூப்பிட்டார்கள். வடிவமைத்தவர் டான்டே ஜகோசா. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கணவன் வெஸ்பா ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை நிற்க, பின்னால் மனைவி இன்னொரு குழந்தையோடு உட்கார்ந்து போகும் குடும்பம் இத்தாலியின் அன்றாடக் காட்சி. நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தை மழையிலிருந்து காப்பாற்றி நாலு சக்கரத்தில் ஏற்றுவதுதான் ஜகோசாவின் வேலை.

எல்லாவற்றிலும் சிக்கனம். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, எடை அரை டன்னுக்கும் குறைவு. பின்பக்கத்தில் 479 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், 13 குதிரைசக்தி. சுருட்டித் திறக்கும் துணிக்கூரையை இன்று பார்க்கிறவர்களுக்குக் கடற்கரையும் காதலும்தான் ஞாபகம் வரும். அன்று அது இரும்பை மிச்சப்படுத்த வந்தது. ரேடியேட்டர் இல்லை, என்ஜினும் பின்னால். அதனால் மூக்கில் கிரில் தேவைப்படவில்லை. அந்த வெள்ளந்தியான முகம் அப்படி வந்ததுதான். முதலில் ஜன்னல் கண்ணாடியைக்கூட இறக்க முடியாது. மக்கள் முகம் சுளித்தார்கள், விற்பனை மந்தம். சில மாதங்களிலேயே ஃபியட் விலையைக் குறைத்துச் சில வசதிகளைச் சேர்த்தது. அதன் பிறகு வண்டி பிடித்துக்கொண்டது. 1975 வரை 35 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

சின்க்வெசென்தோவின் வாரிசான ஃபியட் 126 சோவியத் அணியில் இருந்த போலந்துக்கும் போனது. 1973இலிருந்து உரிமம் பெற்று பியெல்ஸ்கோ-பியாவாவிலும், பிறகு டிஹி நகரிலும் அதைத் தயாரித்தார்கள். போலந்துக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் மாலுஹ். 'பொடியன்' என்று சொல்லலாம். முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த நம் அப்பாக்களின் கதையேதான். மாலுஹ் 2000ஆம் ஆண்டு வரை வந்துகொண்டிருந்தது. 2007இன் புதிய ஃபியட் 500 பிறந்ததும் டூரினில் இல்லை, இதே டிஹியில்தான். இத்தாலிய ஞாபகத்தைத் தயாரித்தவர்கள் போலந்துத் தொழிலாளர்கள். அவர்களுடைய சொந்த ஞாபகத்தில் நின்றது வேறொரு குட்டிக் கார்.

புதிய 500 வந்த சூழலைச் சொல்லாமல் போக முடியாது. 2000களின் தொடக்கத்தில் ஃபியட் திவாலாகும் நிலையில் இருந்தது. 2004இல் செர்ஜியோ மார்கியோன்னே தலைமைக்கு வந்தார். ஜெனரல் மோட்டார்ஸோடு இருந்த ஒப்பந்தப்படி, ஃபியட் நினைத்தால் தன் கார் தொழிலை அவர்கள் தலையில் கட்டிவிடலாம். அதிலிருந்து தப்பிக்க 2005இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 200 கோடி டாலரைக் கொடுத்து விலகிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்வதற்கே அத்தனை காசு! இன்னொரு பக்கம், 2004 ஜெனிவா கண்காட்சியில் ராபர்த்தோ ஜோலித்தோவின் 'த்ரெபியூனோ' என்ற மாதிரிக் காரை ஃபியட் வைத்திருந்தது. பழைய சின்க்வெசென்தோவின் சாயல். கூட்டம் மொய்த்தது. அதுவே புதிய 500 ஆனது. வெளியிட்ட நாள் 2007 ஜூலை 4, பழைய காருக்குச் சரியாக ஐம்பது வயது நிறைந்த நாள். டூரினில் போ ஆற்றங்கரையில் திருவிழா. அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் அதற்கே.

சும்மா சொல்லக்கூடாது, அழகான வண்டி. ஆனால் உள்ளே எல்லாம் தலைகீழ். என்ஜின் முன்னால் வந்துவிட்டது. அடித்தளம் பாண்டா காருடையது. ரேடியேட்டருக்குக் காற்று வேண்டுமே? அதற்கான வாயை பம்பருக்குக் கீழே ஒளித்து வைத்தார்கள், மேலே அதே கிரில் இல்லாத முகம். 1957இல் காசில்லாததால் வந்த முகம் 2007இல் காசு கொடுத்து வாங்கும் முகமாகிவிட்டது. ஃபியட் வறுமையைக் கழற்றி வைத்துவிட்டு வறுமை தந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ரெட்ரோ என்ற தொழிலே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த என்ஜின்களில் ஒன்று 1.3 மல்டிஜெட் டீசல். 1248 சிசி, நாலு சிலிண்டர், 75 குதிரைசக்தி. இதன் வேர் தெற்கு இத்தாலியின் பாரி நகரில் இருக்கிறது. பழைய டீசல் என்ஜினில் எண்ணெய் ஒரே தவணையாக சிலிண்டருக்குள் பாயும், ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்தக் 'கடகட' சத்தம் அதனால்தான். பாரியில் ஃபியட் குழுமத்தின் ஆராய்ச்சியாளர்கள் 'காமன் ரெயில்' முறையைக் காருக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கிவைத்து, வேண்டிய நொடியில் மின்சாரக் கட்டுப்பாட்டோடு தெளிப்பார்கள். ஆனால் பணநெருக்கடியில் இருந்த ஃபியட் 1990களின் நடுவில் அந்தத் தொழில்நுட்பத்தை பாஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது சாலைக்கு வந்தது. இன்று டீசல் கார் என்றாலே காமன் ரெயில்தான்.

மல்டிஜெட் அதற்கு அடுத்த படி. 2003இல் ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டாக இருந்த காலத்தில் வந்தது. ஒரே சுழற்சியில் டீசலை ஐந்து தவணை வரை பிரித்துத் தெளிக்கும். முதலில் ஒரு துளி விழுந்து மெல்லப் பற்றிக்கொள்ளும், பிறகுதான் மற்றவை. அதனால் சத்தம் குறைந்தது, புகை குறைந்தது, சின்ன மூக்குக்குள் அடங்கும் அளவுக்கு என்ஜினும் சிறுத்தது. ஜகோசாவின் காருக்கு கம்பெனி சொன்ன கணக்கு 100 கிலோமீட்டருக்கு 4.5 லிட்டர் பெட்ரோல். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடையுள்ள புதிய 500 டீசலுக்குச் சொன்னது 4.2 லிட்டர். அரை நூற்றாண்டின் பொறியியல் முழுவதும் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு அதே இடத்தில் நிற்பதற்குச் செலவாகியிருக்கிறது. வளர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

இப்படி ஒரு காரை டீசலில் வாங்குவது எந்தக் கணக்கில் சரி? டீசல் வண்டிக்கு முதலில் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதை ஓட்டி ஓட்டித்தான் மீட்க வேண்டும். 500 பிறந்ததோ நகரத்து சந்துகளுக்காக. ஐரோப்பாவில் புகை விதிகள் இறுகியபோது டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரியை எரிக்க நல்ல சூடு வேண்டும், அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதாவது ஊருக்குள் ஓட்டச் செய்த காரை ஊருக்கு வெளியே ஓட்டினால்தான் அதன் என்ஜினுக்கு ஆரோக்கியம். வேலைக்கு நெடுந்தூரம் போகிறவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு நேராகும்.

இந்தியாவுக்கு இந்தக் கார் 2008இல் வந்தது, இதே 1.3 டீசல் என்ஜினோடு. போலந்திலிருந்து முழு வண்டியாக இறக்குமதி. வரிகள் விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட, விலை சுமார் 15 லட்சம் ரூபாய். அன்று அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே காலை நீட்டி உட்காரும் பெரிய செடான் கிடைக்கும். வாங்கியவர்கள் மிகச் சிலர்.

விலை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மினிக்கும் பீட்டிலுக்கும் உலகம் முழுக்க சினிமா தந்த அடையாளம் உண்டு. சின்க்வெசென்தோவுக்கு நம்மிடம் எந்த அடையாளமும் இல்லை. நமக்கு 'ஃபியட்' என்றால் மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங் பக்கத்தில் கியர், சோபா மாதிரி முன்சீட்டு, கல்யாண ஊர்வலம், மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்மினியின் மூலமான ஃபியட் 1100ஐ உருவாக்கியவரும் அதே டான்டே ஜகோசாதான். ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று அங்கே ஞாபகமானது, இன்னொன்று இங்கே. ஃபியட் நமக்கு அனுப்பியது தவறான பிள்ளையை!

ஆனால் என்ஜின் கதையே வேறு. அதே 1.3 மல்டிஜெட்டை உரிமம் பெற்று சுசுகி ஹரியானாவின் மானேசரில் தயாரித்தது. 2007இல் ஸ்விஃப்ட் டீசலில் அது வந்தது, 500இன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸா. புனே அருகே ரஞ்சன்கானில் ஃபியட்டும் டாடாவும் சேர்ந்து நடத்திய ஆலையிலிருந்து புன்டோவுக்கும் லீனியாவுக்கும் டாடா இண்டிகா விஸ்டாவுக்கும் போனது. வண்டி பற்றி எழுதுகிறவர்கள் இதற்கு 'இந்தியாவின் தேசிய என்ஜின்' என்றே பேர் வைத்தார்கள். நள்ளிரவில் விமான நிலையத்துக்கு, விடியலில் ஆஸ்பத்திரிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு என்று நம்மை ஏற்றிப்போன கால் டாக்ஸிகளில் பாதி இதில் ஓடியவைதான். 2000 சுற்றுக்குக் கீழே தூங்கும், அதைத் தாண்டினால் சின்ன விசிலோடு இழுக்கும். அந்த விசில் எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம்.

கோவையில் என் நண்பன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செகண்ட் ஹேண்ட் 500 வாங்கினான். சர்வீஸுக்கு அவன் போனபோது நானும் கூடப் போனேன். பக்கத்தில் ஒரு டிசையர் பானட் திறந்து நின்றது. மெக்கானிக் இரண்டையும் காட்டிச் சொன்னார்: "மூடியத் தொறந்தா ரெண்டும் அண்ணந்தம்பிதானுங்க தம்பி. என்ஜினப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம். ஆனா முன்னால அந்த ஹெட்லைட்ட மட்டும் ஒடச்சுக்காதீங்க. அது இங்க எங்கயும் கெடைக்காது."

எல்லாப் பாகமும் அப்படியே பொருந்திவிடாது என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும் விஷயம் அதுதான். நாம் சாதாரணம் என்று நினைத்த பகுதிக்கு எந்த ஊரிலும் பாகமும் கைப்பழக்கமும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய அந்த முகத்துக்குத்தான் ஸ்பேர் இல்லை. இந்தக் காரை வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதையே. ஓட்டுவது சுலபம், அழகைக் காப்பாற்றுவதுதான் பாடு.

அந்த என்ஜினின் காலமும் முடிந்துவிட்டது. அரசு டீசல் விலையைத் தாங்கிப்பிடித்த வரை நம்மூரில் டீசல் காருக்கு மவுசு இருந்தது. 2014இல் விலைக் கட்டுப்பாடு போனது. 2012இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருந்தது. 2015இல் ஃபோக்ஸ்வாகனின் புகை அளவு மோசடி வெளிவந்ததும் 'சுத்தமான டீசல்' என்ற பேச்சு நொறுங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஃபியட் 500 மின்சாரக் காராகி, தயாரிப்பு டூரினுக்குத் திரும்பியது. 2024இல் டிஹியில் 500இன் தயாரிப்பு நின்றது. என்ஜின் செய்த பியெல்ஸ்கோ-பியாவா ஆலையும் அதே ஆண்டு மூடப்பட்டது.

இன்று இருபதுகளில் இருப்பவர்களின் சிறுவயது பெரும்பாலும் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டாக்களின் பின்சீட்டில் கழிந்தது. முப்பது வருஷம் கழித்து, அவர்களுக்காக யாராவது ஒரு மின்சாரக் காரை ஸ்விஃப்டின் முகத்தோடு செய்யக்கூடும். அன்று நாமும் காசு கொடுத்து வாங்குவோம், தப்பே இல்லை. ஆனால் அதில் அந்த விசில் இருக்காது. சிக்னலில் நம் பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் மூச்சில் ஏறிய புகையும் இருக்காது. சின்க்வெசென்தோவிலிருந்து மழையும் நெருக்கடியும் கழன்று போனதைப் போலவே. முகத்தைத் திரும்ப வாங்கும்போது அது முதலில் எதற்காக அப்படி இருந்தது என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று எல்லாரும் சந்தோஷமாக மட்டுமே இருந்தார்கள் என்று நம் பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.