கரையை அடைப்பது யார்?

உறையூரில் உய்யக்கொண்டான் கரைதான் பல தெருக்காரர்களுக்குப் பாதை. ஐப்பசி மழையில் கரை சரிந்தால் பாசனம் நிற்கும், வண்டி நிற்கும்; வாக்குவாதம் மட்டும் நிற்காது. அந்நாளில் மூங்கில் முளையடித்துக் களிமண் கொட்டுவதா, கருங்கல் அடுக்குவதா என்று ஆரம்பிக்கும் பேச்சு, மண்வெட்டி எடுப்பது யார் என்பதில் வந்து முடியும்.

குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்துவந்த வேலை அது. கும்பெனிச் சர்க்கார் 1858-ஆம் வருஷத்து முதலாவது சட்டத்தில் அதற்கு விலை வைத்தார்கள்: வழக்கப்படி வேலைக்கு வராதவன் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும். உடைப்பு அபாயம் நேர்ந்தாலோ, சுற்றுவட்டாரத்தாரைக் கட்டாயமாகவே அழைக்கலாம். யாரை என்கிறீர்கள்? உடல் வலுவுள்ள, 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை! மிராசுதார் திண்ணையில் சாய்ந்தபடி யோசனை சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை.