உள்ளல்: திருக்குறளில் எண்ணத்தின் உயரமும் தூய்மையும்

1. ஆய்வுப் பொருள்

‘நேர்மறை எண்ணம்’ புதிய சொல். எண்ணுதலைக் குறிக்கக் குறள் ஆளும் பழைய சொற்களுள் ஒன்று ‘உள்ளல்’. பொருட்பாலின் ஊக்கமுடைமையிலும் அறத்துப்பாலின் துறவறவியலிலும் இச்சொல் வருகிறது. முதலாவது, ஒருவன் தன்னை வளர்த்துக்கொள்ளும் இடம்; இரண்டாவது, ஆன்மா பக்குவப்படும் இடம். இரண்டிலும் எண்ணத்தை வள்ளுவர் ஒரே கோலால் அளக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. உயரம்

அரசியல் என்னும் இயலின் இறுதி நான்கு அதிகாரங்கள் ஊக்கமுடைமை (60), மடியின்மை (61), ஆள்வினையுடைமை (62), இடுக்கண் அழியாமை (63). இந்த வரிசையே ஒரு பாடம். 595ஆம் குறளில் நீர்ப்பூவின் தண்டு நீரின் ஆழத்தளவு நீள்கிறது. மனிதனின் உயர்வுக்கு ஊக்கம் அளவாகிறது. அடுத்த குறள், உயர்ந்ததையே எண்ணச் சொல்கிறது. அது கைகூடாமல் போனாலும் கைகூடியதற்கு ஒப்பானது என்கிறது. தன்முன்னேற்ற நூல்கள் பல, நினைத்தது நடந்தே தீரும் என்று வாக்களிக்கின்றன. வள்ளுவர் அப்படி வாக்களிக்கவில்லை. எண்ணத்தைச் சொன்ன கையோடு சோம்பலைக் கடிகிறார், பிறகு உழைப்பைப் பேசுகிறார். தெய்வத்தால் ஆகாதது என்றாலும் உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்பது 619.

ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்று 380இல் சொன்னவரே, தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்று 620இல் சொல்கிறார். இதை முரண் என்று நான் கொள்ளவில்லை. முன்னது வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்ப்பவரின் கூற்று. பின்னது வேலையில் இறங்கியவருக்குச் சொன்னது.

துன்பமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்படியும் அவர் கூறவில்லை. இடுக்கண் வரும், வரும்போது நகுக என்கிறார் (621). தடைப்பட்ட இடமெல்லாம் விடாமல் வண்டியை இழுக்கும் எருதைக் காட்டுகிறார் (624).

3. தூய்மை

துறவறவியலில் கேள்வி மாறுகிறது. பிறர் பொருளை வஞ்சித்துக் கவரலாம் என்று உள்ளத்தால் உள்ளுவதும் தீது (282). உள்ளத்தால் பொய்யாது வாழ்பவன் உலகத்தார் உள்ளங்களில் எல்லாம் இருக்கிறான் (294). செயலாகாத எண்ணத்துக்கும் இங்கே கணக்கு உண்டு. இதன் வேர், மனத்தின் மாசின்மையே அறம் என்னும் 34ஆம் குறளில் இருக்கிறது.

4. முடிபு

உயரத்தை மட்டும் அளந்தால், ஊரை ஏமாற்றத் திட்டமிடுபவனும் தேறிவிடுவான். அவனிடம் ஊக்கம் உண்டு, சோம்பல் இல்லை, தோல்வியில் துவள்வதும் இல்லை. அவனை மறிப்பது 282ஆம் குறள். மாணவருக்கு 596ஐச் சொல்லும் ஆசிரியர்கள், அதே வகுப்பில் 282ஐயும் சொல்லித்தர வேண்டும்.